கேளாமைக்கு ஒரு பொத்தான்
அமெரிக்க நியாயஸ்தலங்களில், சாட்சியின் முனகல்கூட ஜூரிகளின் செவியில் தெளிவாக விழவேண்டுமென்று மைக்கையும் ஒலிபெருக்கியையும் திரையையும் அங்குலம் அங்குலமாக அளந்து பொருத்துகிற நிபுணர்கள், அவ்வளவு பிரயாசைக்கும் பிறகு, நீதிபதியின் மேஜையில் இன்னொரு பொத்தானையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். வக்கீல்களை அருகழைத்து அவர் அந்தரங்கமாகப் பேச நேர்ந்தால், அதை அழுத்தியவுடன், ஜூரிகளின் பக்கத்து ஒலிபெருக்கி தூரத்து அருவியைப்போல் 'உஸ்' என்று இரையத் தொடங்கும். ஜூரிகள் அனைவரும் வக்கீல்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். கேட்கச் செய்யவும் விலை, கேளாமற் செய்யவும் விலை. மாங்கல்யதாரணத்தின்போது அபசகுனச் சொல் எதுவும் காதில் விழாதிருக்கக் கெட்டிமேளம் கொட்டச் சொன்ன நமக்கு இந்தச் சூட்சுமம் புதிதன்று. என்ன, நம் மேளக்காரருக்கு விரலசைத்துக் காட்ட ஒரு பெரியவர் வேண்டியிருந்தது.