பதிவாளரின் பக்தி

கேள்வி: தம் மதம் ஒப்பாத கல்யாணத்தைப் பதிய மறுக்கச் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு உரிமை உண்டா?
— வாசகர், மூக்கண்டப்பள்ளி, ஓசூர்

பதில்: அமெரிக்காவின் கென்டக்கியில், ஒருபால் தம்பதிகளுக்கு உரிமம் வழங்கத் தெய்வம் சம்மதிக்கவில்லை என்று பிடிவாதம் செய்த கிம் டேவிஸ் என்னும் அதிகாரி, தாமே நான்கு முறை விவாகம் செய்துகொண்டவராயினும், 2015-ல் நீதிமன்ற அவமதிப்புக்காக 5 நாள் சிறையிலிருந்தார். நம் நாட்டில் உச்ச நீதிமன்றமே 2023-ல் அத்தகைய விவாகத்துக்கு அங்கீகாரம் மறுத்துவிட்டமையால், பதிவாளருக்கு அந்தத் தர்மசங்கடம் இன்னும் நேரவில்லை. ஆனால், தூத்துக்குடியில் 2018-ல் சுவாமி சந்நிதியிலேயே திருநங்கையை மணந்தவரின் விண்ணப்பத்தைப் பதிவு அலுவலகம் நிராகரிக்க, திருநங்கையும் மணமகளே என்று 2019-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தீர்ப்பளித்துப் பதியச் சொல்லிற்று. ஆகவே, உரிமை இல்லை. மனம் ஒப்பாதவர் ராஜினாமா எழுத எந்த மதமும் ஆட்சேபிப்பதாகத் தெரியவில்லை.