டைரக்ட் அண்ணன்

டைரக்ட் அண்ணனுக்கு உலகத்தில் ஆகாத ஒரே ஆள் கடைக்காரர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும், இலையைத் தடவிப் பார்த்து, “இது தோட்டத்துலேருந்து நேரா வந்தா என்னா வெல தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவார். எதிரே இருப்பவருக்கு ரசம் ஆறிப்போகும். அந்தப் பேட்டையின் சரித்திரமே தம் கட்சி என்பது அவர் வாதம். “1881-ல கேஎல் தீயிலயும் போச்சு, வெள்ளத்துலயும் போச்சு. செங்கல்லுல கட்டுங்கன்னாங்க. யாப் ஆ லோய் கடைக்கா போனாரு? இங்கயே சூளை போட்டாருல்ல!” யாப் ஆ லோயும் ஒரு வியாபாரிதானே அண்ணே என்று கேட்டவர், அன்றைய பில்லைத் தாமே கட்டிவிட்டுப் போனார்.

இவரைப் போல ஒருவர் தாமானுக்குத் தாமான் இருக்கிறார். சோபா வேண்டுமென்றால், மரச்சாமானுக்குப் பேர்போன மூவார் வரைக்கும் காரை விடுவார். பட்டுப்புடவை காஞ்சிபுரத்துத் தறிக்காரரிடம்தான். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வரிசையாகப் புடவைக்கடை இருந்தும் அண்ணிக்கு எட்டிப் பார்க்கத் தடை. தொட்டுப் பார்ப்பது, உட்கார்ந்து பார்ப்பது எல்லாம் அவர் கணக்கில் கடைக்காரன் விரிக்கும் வலை. “செஞ்சவனே சொல்றான், அதுக்கு மேல என்னா?” மூவார் சோபா வாசலில் நுழையாமல் ஜன்னல் கிரில்லைக் கழற்ற நேர்ந்ததையும் வெற்றிக்கதையாகத்தான் சொல்வார். புதுக் கிரில்லைப் பட்டறையில் டைரக்டாகச் செய்துகொண்டாராம்.

இப்படிப்பட்டவருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கடல் கயாக் மேல் ஆசை வந்தது. உல்லாசத் தளங்களில் வாடகைக்கு விடுகிறார்களே, மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் அகலப் படகு, அது இல்லை. இது ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், அகலம் இரண்டடிக்கும் குறைச்சல். ஒரு துவாரத்துக்குள் காலை நீட்டி, இடுப்பை இறக்கி, முட்டியை உள்பக்கம் முட்டுக்கொடுத்து, படகை உடம்போடு மாட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பை அசைத்தால்தான் படகு சாயும், நிமிரும். செருப்பையே போட்டுப் பார்த்து வாங்குகிற ஊர் இது.

சீனாவில் நிங்போ பக்கம், பிளாஸ்டிக் பொடியை அச்சில் கொட்டிச் சூட்டில் சுழற்றிச் சுழற்றிக் கயாக் வார்க்கும் தொழிற்சாலைகள் நிறைய. அதில் ஒன்றைப் பிடித்தார். ஒன்றிரண்டு விற்பதில்லை, கொள்கலன் கணக்கில் எடுங்கள் என்றார்கள். அண்ணன் உடனே ‘மலேசிய டீலர்’ ஆகி, சாம்பிள் ஒன்று அனுப்பச் சொன்னார். ஆயுசெல்லாம் எதிர்த்த இடைத்தரகர் பட்டத்தை ஒரே ராத்திரியில் தாமே சூட்டிக்கொண்டது அவருக்கு உறைக்கவே இல்லை.

தொழிற்சாலைப் பெண்மணி ஒழுங்கானவர். உயரம், எடை, கால் அளவு மூன்றையும் கேட்டார். எடை என்ற இடத்தில் அண்ணன் தம் கல்யாணத்து எடையைப் போட்டார். “அந்த எடைக்கு எறங்கத்தானே கயாக்கே வாங்குறேன்!”

கிரீன்லாந்து வேட்டைக்காரன் இப்படிக் கணக்குப் போட்டதில்லை. படகின் நீளம், கையிரண்டையும் விரித்த அளவில் மூன்று மடங்கு. அகலம், இடுப்போடு இரண்டு முஷ்டி. அதற்கேற்ப மரச்சட்டம் கட்டி சீல் தோலைப் போர்த்துவது அங்கே மரபு. ஓட்டிப் பார்க்காமல் கயாக்கை நம்ப அவனுக்கு உரிமை உண்டு. அண்ணனிடம் இருந்ததோ கல்யாண ஆல்பம்.

விலை ‘சிஐஎஃப் கிள்ளான் துறைமுகம்’. இதை அவர் மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதாவது கப்பல் கூலியும் காப்புறுதியும் துறைமுகம் வரை விற்றவர் பாடு. துறைமுகத்தில் பெட்டி இறங்கியதும் ஃபார்வர்டிங் ஏஜென்ட் வந்தார், சுங்கப் பாரம் வந்தது, கொள்கலனைப் பிரித்த கிடங்குக் கூலி வந்தது, பிறகு கிடங்கு வாடகை. எல்லாம் சேர்ந்து சாம்பிள் விலையை எட்டிப் பிடித்தபோதும் அண்ணன் கலங்கவில்லை. “இவங்கள்ல ஒருத்தன் கடைக்காரனா, சொல்லு?” லோரிக்காரர் கேட்ட கூலிக்கு மட்டும் மறுத்துவிட்டு மைவியின் கூரையில் ஏற்றினார். மைவி நான்கு மீட்டர்கூட இல்லை. கயாக் முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு, வாலில் சிவப்புத் துணி பறக்க வீடு வந்து சேர்ந்தது.

கிள்ளான் கடலில் பெருநீர் நாட்களில் ஏற்ற இறக்கம் நான்கு மீட்டரைத் தொடும். அண்ணன் கேரித் தீவுப் பக்கம் போன காலையில் கடல் வற்றி, கண்டல் காடு வரைக்கும் சேறுதான். தண்ணீர் ஏறும்வரை அக்காள் மகனிடம் தயாரிப்பாளரின் பெருமையைப் பேசினார். முழங்கால் அளவு தண்ணீர் வந்ததும் துவாரத்தில் இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்கு. பையன் தோளைப் பிடித்து அழுத்தினான். படகு இடதுபக்கம் ஒரு ஆட்டம், வலதுபக்கம் ஒரு ஆட்டம், அவ்வளவுதான். பையன் ஓடிவந்து தூக்கியபோது அண்ணனும் கயாக்கும் சேர்ந்தே எழுந்தார்கள்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. குறுகிய கயாக் அமைதியான தண்ணீரில் நடுங்கும், அலையில் அடங்கி நிற்கும். புத்ராஜெயா ஏரியில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நல்ல படகை வேண்டாமென்று வந்தவர்களும் இருப்பார்கள். ஆனால் இடுப்பு விஷயத்துக்குப் பத்து நிமிடம்கூட அதிகம்.

கயாக்கை விற்றுவிடுவது என்று ஆனதும், ஷா ஆலாமிலிருந்து ஒரு மெலிந்த பையன் கேட்டு வந்தான். கார் போர்ச்சில் கிடந்த கயாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, கேட்ட விலைக்கு மேலே ஐந்நூறு வெள்ளி தரவும் தயாராக இருந்தான். “அங்கிள், தண்ணியில போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கவா?” அண்ணன் முகம் சிவந்துவிட்டது. பையனுக்கு மைலோகூடக் கொடுக்காமல் கேட்டைச் சாத்தினார்.

“செஞ்சவன் குடுத்த சீட்டையே காட்டுறேன், நம்பலியே! ஓட்டிப் பாக்கணுமாம்!”

அண்ணி கயாக்கின் பின்மூடியைத் திறந்தார். தண்ணீர் புகாத அறை என்று தொழிற்சாலை சொன்னது அப்பட்டமான உண்மை. செகிஞ்சான் ஆலையில் அண்ணன் டைரக்டாக எடுத்துவந்த அரிசிப் பைகள் அதற்குள் காய்ந்தபடி இருந்தன.

“நல்லதாப் போச்சு. வித்துட்டா இதையெல்லாம் எங்க வைக்கிறதாம்?”