ஓடா மிதிவண்டியின் நோய்நாடலும் பேணலும்: ரெட்டியார்பாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுச்சேரியின் ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் ஆய்வேட்டுக்கு முன்னுரை எழுதி முடித்துவிடலாம். இக்கட்டுரையின் முன்னுரை அப்படி எழுதப்பட்டதுதான். இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து மூலக்குளம் வரை பேருந்தும் ஆட்டோவும் இருசக்கர வண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் அச்சாலையில் மிதிவண்டி ஓட்டுவது உடலுக்கு நல்லது. உயிருக்கு நல்லதென்று சொல்வதற்கில்லை. ஆகவே உழவர்கரை நகராட்சிக்குட்பட்ட இப்பகுதியின் சான்றோர் பலர் ஓடாத வண்டியொன்றைக் கைக்கொண்டனர். அதைத்தான் எக்சர்சைஸ் சைக்கிள் என்கிறோம்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை இருக்கிறதே, அங்கே போய் நடக்கலாமே என்று மறுப்பு எழலாம். நடப்பதற்காக நான்கைந்து கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய், அந்த ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி அலைந்து, களைத்துத் திரும்பி வருவோரைக் கேட்டால் மறுப்புக்கு மறுப்பு கிடைக்கும்.

இனி வரலாறு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரியில் யார் வந்தார், யார் போனார், யாருக்கு மரியாதையாக எத்தனை குண்டு போட்டார்கள் என்று எதையும் விடாதவர். ஆனால் உட்கார்ந்த இடத்தில் கைகாலை ஆட்டும் முதல் பொறிகளில் ஒன்றான ஜிம்னாஸ்டிக்கானுக்கு லண்டனில் பிரான்சிஸ் லவுண்டஸ் காப்புரிமை பெற்றது 1796இல். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் நமக்கு அருமையான சான்று ஒன்று நழுவிப்போயிற்று. 1912இல் டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடா மிதிவண்டிகள் இருந்தன. கப்பலே போய்ச் சேராத நிலையில் மிதிவண்டி போய்ச் சேரவில்லை என்று குறை சொல்வதற்கில்லை. 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்திலும் ஒன்று இருந்தது. அதன் மீது ஏறியவர்கள் மிதிக்க மிதிக்க உலகத்தையே சுற்றி வந்தார்கள் என்பதால் அதை இந்த வகையில் சேர்ப்பதா என்பது விவாதத்துக்குரியது.

புதுச்சேரிக்கென்றே ஒரு முன்னோடியும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புஷ்வண்டி. பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவார். உட்கார்ந்திருக்கும் துரை முன்சக்கரத்தின் பிடியைப் பிடித்துத் திருப்புவார். உழைப்பு ஒருவருடையது, திசை இன்னொருவருடையது. எக்சர்சைஸ் சைக்கிளில் உழைப்பு உட்கார்ந்திருப்பவருடையதே. திசை எவருடையதும் அல்ல. இதை முன்னேற்றம் என்று கொள்வதா என்பதைச் சமூகவியலாரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறோம்.

இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே ஒன்றுதான்: இவ்வண்டி ஓட்டுவதால் கெடுவது குறைவு, ஓட்டாததால் கெடுவதே மிகுதி. ஓட்டாமை எத்தனை முற்றியிருக்கிறது என்பதை வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆகவே இலக்கண மரபையொட்டி இதன் நிலங்களை ஐந்தாகப் பகுத்துக்கொள்கிறோம். தொல்காப்பியர் பொறுத்தருள்க.

முதல் நிலம் ஹால். இது குறிஞ்சி, புணர்தலும் புணர்தல் நிமித்தமும். அட்டைப்பெட்டி வந்து இறங்கிய அன்று குடும்பமே கூடி நட்டுகளைத் தரையில் பரப்பும். இந்நிலத்தின் தலையாய நோய் இடது பெடல். வலது பெடலை எல்லா நட்டையும் போல வலஞ்சுழியாக முடுக்கவேண்டும். இடது பெடலுக்கு எதிர் மரை, இடஞ்சுழியாகத்தான் ஏறும். மிதிக்கும்போது தானாகக் கழன்று வராமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டிலேயே இதைத் தங்கள் சைக்கிளின் சிறப்பாக விளம்பரம் செய்தார்கள். ஆனாலும் செய்தி இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. குடும்பத்தலைவர் வலப்பக்கமாகவே வைத்து நெட்டித் தள்ளுவார். பெடல் சாய்வாக இரண்டு சுற்று ஏறும், பிறகு நிற்கும். “இன்னும் கொஞ்சம் பலமாத் திருப்புங்கப்பா” என்று மகள் சொல்வாள். அத்துடன் பெடலைத் தாங்கும் கிராங்கின் மரை போய்விடும். மறுநாள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “இது லெஃப்ட்டு மரை சார். எல்லார் வீட்லயும் இப்படித்தான்” என்பார். இந்த இரண்டாவது வாக்கியம் ஆறுதலா தரவா என்று பிரித்தறிவது கடினம். பெடலின் முனையிலேயே எல், ஆர் என்று பொறித்திருப்பார்கள். முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாத பெடல் ஸ்பானருக்கும் ஏறாது.

ஹாலில் இருக்கும் வரை வண்டியை மிதிப்பார்கள் என்பதால் சத்தங்கள் பிறப்பதும் இங்கேதான். இதுபற்றி முன்னாய்வாளர்கள் “ஏதோ டக்குடக்குங்குது” என்பதற்கு மேல் செல்லவில்லை. நாம் தாளத்தை எண்ணவேண்டும் என்கிறோம். ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்றால் குற்றம் பெடலிலோ கிராங்க் நட்டிலோ இருக்கிறது. கிராங்கின் பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே நட்டு தெரியும், முடுக்கினால் தீர்ந்தது. தளர்ந்த நட்டோடு மாதக்கணக்கில் மிதித்தால் கிராங்கின் துளை தேய்ந்து, அப்புறம் எத்தனை முடுக்கினாலும் நிற்காது. ஒரு சுற்றுக்குள் பல முறை கடகடத்தால் அது உள்ளே விரைந்து சுற்றும் பிளைவீலின் பேரிங். வேகமாக மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் பெல்ட் வழுக்குகிறது. மிதிக்காதபோதும் சத்தம் வந்தால் அது மாடி வீட்டுக்காரரின் மிக்சி.

இவ்விடத்தில் எண்ணெய் பற்றிப் பேசாமல் நகர முடியாது. கீச்சென்ற ஒலி எழுந்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவர் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு எழுந்து வருவது தமிழ்க் குடும்பத்தின் இயற்கை. பெல்ட் பிடிப்பினால்தான் இயங்குகிறது. அதில் எண்ணெய் பட்டால் பிடிப்பே போய்விடும். கால் சுற்றும், சக்கரம் சுற்றாது. சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் கம்பளிப் பட்டை உள்ள மாடல்களிலும் தேங்காய் எண்ணெய் கூடாது. பட்டை காய்ந்து கருகல் நாற்றம் வந்தால் சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் போதும். பேரிங்குக்காவது விடலாமா? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். புதுச்சேரியில் மார்கழி இரவுகள் அதற்கும் கீழே இறங்குபவை. ஆக, பேரிங்குக்கு விட்டவரின் வண்டி மார்கழி விடியற்காலையில் உரிமையாளரைவிடச் சோம்பலாக எழும். தையல் மிஷின் ஆயில் இரண்டு சொட்டு, அதுவும் பேரிங்குக்கு மட்டும். தலைக்குத் தேய்ப்பதைத் தலைக்கே தேய்க்கவும்.

பாரத்தைக் கூட்டும் குமிழ் பற்றி ஒரு சொல். பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று முடிந்தது. ஆயினும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ரெட்டியார்பாளையத்து வீடுகளுக்குள் இன்றும் இருந்துகொண்டுதான் இருக்கிறார். லியோன் ஃபூக்கோ என்று பெயர். காந்தத்தின் அருகே உலோகத் தகடு சுழன்றால் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து அச்சுழற்சியையே எதிர்க்கும் என்று 1855இல் காட்டியவர் அவர். நம்முடைய காந்த வகை சைக்கிளில் குமிழைத் திருப்பும்போது ஒரு கம்பி காந்தத்தைச் சக்கரத்துக்கு அருகே இழுக்கிறது, ஃபூக்கோ தடுக்கிறார், நமக்கு வியர்க்கிறது. காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் தேய்வதும் இல்லை. எனவே எட்டாம் எண்ணில் வைத்தும் பாரம் ஏறவில்லையென்றால் காந்தத்தை ஐயுறவேண்டாம்; கம்பி கொக்கியிலிருந்து நழுவியிருக்கும், அல்லது அறுந்திருக்கும். அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். “மோட்டார் போயிடுச்சு” என்று சொல்லிப் பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அந்த வகை வண்டியில் மோட்டாரே கிடையாது.

இரண்டாம் நிலம் சாப்பாட்டு மேசை ஓரம். மருதம், ஊடல். இங்கே ஊடலுக்குக் காரணம் சீட்டின் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கவேண்டும். முழுக்க நீண்டால் இடுப்பு ஆடும், மிகவும் மடங்கினால் முட்டி வலிக்கும். ஐந்தரை அடி அப்பா வைத்த உயரத்தில் ஐந்தடி அம்மா ஏறி, முட்டி வலிக்குப் பழியை வண்டி மேல் போடுவது அன்றாடம் காண்பது. பின்னை இழுத்து இரண்டு ஓட்டை இறக்கினால் தீரும் வழக்கு இது. ஆனால் இறக்கியவர் மீண்டும் ஏற்றி வைக்கவேண்டுமா என்பதில் இன்றுவரை உடன்பாடில்லை.

மீட்டரின் நேர்மை பற்றிய சச்சரவும் இந்நிலத்துக்குரியது. பத்து கிலோமீட்டர் என்று அது காட்டும்போது, நிஜ சாலையென்றால் வில்லியனூரைத் தாண்டியிருப்போம். மீட்டருக்கு வில்லியனூர் தெரியாது. சக்கரத்திலோ கிராங்கிலோ ஒட்டிய சின்னக் காந்தம் உணரியைக் கடக்கும் தடவைகளை எண்ணி, கம்பெனிக்காரர் வைத்த ஓர் எண்ணால் பெருக்குகிறது, அவ்வளவே. உங்கள் எடையைக் கேட்காமலே கலோரி சொல்லும் மீட்டரை நம்பி இன்னொரு பரோட்டா எடுப்பது உங்கள் விருப்பம். வேகம் பூச்சியத்திலேயே நின்றால் பெரும்பாலும் ஹேண்டில்பார் தண்டுக்குள் ஒயர் இணைப்பு விட்டிருக்கும். பிரித்து, அழுத்தி, மறுபடி செருகினால் வந்துவிடும்.

மூன்றாம் நிலமான படுக்கையறை முல்லை. இருத்தல். வண்டி காத்திருக்கிறது, துண்டும் நைட்டியும் அதன் மேல் காத்திருக்கின்றன. இங்கே மிதிப்பார் இல்லாததால் நோயும் வெளியே தெரியாது.

நான்காவது பால்கனி. நெய்தல், இரங்கல். ஆய்வாளர் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய நிலம் இது. ரெட்டியார்பாளையத்துக்குக் கடல் தெரியாது, கடற்காற்று தெரியும். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. ஹாலில் சிந்திய வியர்வையின் உப்பு ஏற்கெனவே சீட் தண்டின் கவ்வியில் படிந்திருக்கும். மேலே ஈரத் துணி உலர்த்தினால் சொட்டும் நீர் ஹேண்டில்பாரின் ஸ்பாஞ்ச் உறைக்குள் இறங்கித் தங்கும். அந்த உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். கீழே குரோம் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தடவினால் செந்தூள் ஒட்டும். இன்னும் ஒரு மழைக்காலம் போனால் சீட் தண்டு குழாயோடு ஒட்டிக்கொள்ளும். பின்னை இழுத்தாலும் சீட் இறங்காது. உப்புக்கு மருந்து உலர்ந்த துணிதான். மிதித்து முடித்ததும் ஹேண்டில்பாரையும் சீட் தண்டையும் ஒரு துடை. மாதம் ஒரு முறை தண்டை வெளியே உருவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவித் திரும்பச் செருகவும். பால்கனியில்தான் வைப்பேன் என்பவர்கள் மேலே துணி போடுவதையாவது நிறுத்தலாம். நிறுத்தமாட்டார்கள் என்பது களஆய்வில் உறுதிப்பட்டது.

ஐந்தாவது மொட்டை மாடி. பாலை, பிரிதல். வெயிலில் பெல்ட் வெடிக்கும், பிளாஸ்டிக் மூடி நொறுங்கும், பழைய இரும்புக் கடைக்காரர் ஏறி வந்து பிளைவீலைத் தட்டிப் பார்ப்பார். எடைக்குப் பெறுமானம் உள்ள பாகம் அது ஒன்றுதான்.

கடைசியாக ஆயுத பூஜைச் சிக்கல். ஆண்டு முழுதும் மிதிக்காத வீட்டிலும் அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பூச்சரம் உண்டு. மற்ற வண்டிகளுக்குச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோம். இதற்குச் சக்கரம் தரையைத் தொடாது, தொட்டாலும் நகராது. பழத்தை எங்கே வைப்பது? பெடலின் கீழ் வைத்து ஒரு மிதி மிதிக்கலாம் என்பது ஒரு தரப்பு. அப்படிச் செய்தால் சாறு கிராங்க் பக்கம் தெறிக்கும். புளிப்பு இரும்புக்கு ஆகாது. முன்காலில் உள்ள சிறு தள்ளுசக்கரங்களின் கீழே வைத்து வண்டியை ஒரு சாண் நகர்த்தலாம் என்பது இன்னொரு தரப்பு. இது சாத்திரத்துக்குப் பொருந்தினாலும் இடுப்புக்குப் பொருந்தவில்லை.

எமது துணிபு வேறு. மிதிக்காத வண்டியின் மீட்டருக்குள் பென்சில் பேட்டரிகள் கேட்பாரற்றுக் கிடந்து கசிந்திருக்கும். அல்கலைன் பேட்டரியானால் முனைகளில் படியும் வெள்ளைப் பொடி காரத்தன்மை உடையது. புளிப்பு அதை முறிக்கும். கையுறை போட்டுக்கொண்டு பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் லேசாக நனைத்த பஞ்சினால் முனைகளைத் துடைத்து, பிறகு ஈரத் துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிய பேட்டரி போட்டால் செத்ததென்று நினைத்த மீட்டர் பல வீடுகளில் எழுந்துகொள்ளும். அந்தப் பழத்துக்கு இந்த வண்டியில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மீட்டரின் பின்பக்கத்து மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.