விரலுக்கு விலைப்பட்டியல்

வாடா மாப்ள, உக்காரு. முகூர்த்த மாசம், பிரஸ்ல கல்யாணப் பத்திரிகை வேலை குவிஞ்சு கெடக்காமே? ஓடுற மிஷினுக்குள்ள கையவிட்டுக் கோணத் தாளை உருவுறதுல சின்னாளப்பட்டியிலயே உன்னை அடிச்சுக்க ஆளில்லைங்குறாய்ங்க. பெரிய வீரன்தான் போ!

நீ நிக்கிறது ஹைடில்பர்க் பிளாட்டன் முன்னாடி. அது முழு வேகத்துல மணிக்கு 5,000 தாள் அடிக்கும். வகுத்துப் பாரு, ஒரு தாளுக்கு முக்கால் நொடிகூடக் கிடையாது. அதுக்குள்ள உன் கை போகணும், பிடிக்கணும், திரும்பணும். மிஷின் உனக்காகக் காத்திருக்கும்னு எந்த ஜோசியக்காரன்யா சொன்னது?

கட்டிங் மிஷின்ல ரெண்டு பட்டனை ஏன் வச்சாய்ங்க? கத்தி இறங்குறப்ப ரெண்டு கையும் பட்டன் மேல இருக்கட்டும்னுதான். நீ ஒரு பட்டன்ல குச்சியைச் சொருகிட்டியாம். குச்சிக்கு வேலை குடுத்தாச்சு, சரி. சும்மா இருக்குற அந்தக் கை எங்கிட்டுப் போகும்? கத்திக்கு அடியிலதான்.

1948-ல வந்த தொழிற்சாலைச் சட்டத்து விதிகள்ல, பிளாட்டனையும் காகிதம் வெட்டுற மிஷினையும் பேர் சொல்லியே ஆபத்துப் பட்டியல்ல வச்சாய்ங்க. பதினெட்டு வயசு ஆகாத பயலைப் பழக்காம அதுகிட்ட நிறுத்தக் கூடாதுன்னு எழுதுனாய்ங்க. ‘ஆள் நிறைய இருந்தாத்தான மாமா சட்டமெல்லாம், நாங்க நாலே பேரு’ங்குறியா? மிஷினுக்கு ஆளை எண்ணத் தெரியாதுடா.

இன்னொரு பட்டியலும் இருக்கு. 1923-ல வந்த நட்டஈட்டுச் சட்டம், எந்த விரல் போனா சம்பாதிக்கிற சக்தியில எத்தனை சதம் போச்சுன்னு எழுதிவச்சுச்சு. கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7. நிச்சயதார்த்த மோதிரத்தோட மிஷின்ல கை வைக்கிறியே, உள்ளதுலயே விலை கம்மியான விரலைத்தான் முன்னால நீட்டுற. கெட்டிக்காரன்! நம்மூரு சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட கிழவிககிட்டக் கேட்டுப் பாரு, சுண்டுவிரலுக்கும் என்ன வேலைன்னு சொல்வாக.

வீரத்தை மூட்டை கட்டிட்டுக் கேளு. மோதிரம், வாட்ச், கையில கட்டுன கயிறு எல்லாத்தையும் கழட்டு. தோள்ல துண்டு வேணாம், சட்டைக் கை தொங்க வேணாம். தாள் சிக்குனா மிஷினை நிறுத்து, முழுசா நின்னப்புறம் எடு. ஆஃப்செட் மிஷின்ல பிளாங்கெட் உருளையைத் துடைக்கிறப்ப, நிறுத்தித் துடை. இஞ்ச் பட்டன்ல கொஞ்சம் நகர்த்து, மறுபடி நிறுத்தித் துடை. ரெண்டு உருளையும் உள்பக்கமாச் சுத்துற இடத்துல துணி மாட்டுனா, துணியோட கையும் போகும். மூடியைத் திறந்தா மிஷின் தானா நிக்கிற மாதிரி வச்சிருக்கான். அதைக் கம்பியால கட்டி ஏமாத்தாத. ஒருத்தன் கை உள்ள இருக்குறப்ப இன்னொருத்தன் பட்டன் பக்கமே போகக் கூடாது.

அதையும் மீறி விரல் துண்டாப் போச்சுன்னா, காயத்தைச் சுத்தமான துணியால அமுக்கிக் கையை உயர்த்திப் பிடி. விரலை ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில கட்டி, அந்தப் பையை ஐஸ்ல வை. விரல் மேல நேரா ஐஸ் படக் கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

‘நிறுத்தி நிறுத்தி ஓட்டுனா முதலாளி திட்டுறாரு மாமா’ன்னு இழுக்காத. அம்புட்டு அவசரம்னா, ஓடுற மிஷின்ல எப்படித் துடைக்கிறதுன்னு அவரையே ஒருதடவை செஞ்சு காட்டச் சொல்லு. மனுசன் முதல்ல எந்தப் பட்டனை அமுக்குறாருன்னு மட்டும் பாத்துக்க.