மாப்ளே, குதிரைக்கு விருந்து வைக்காதே

வா மாப்ளே, திண்ணையில உட்காரு. அந்தியூர் குருநாதசாமி ஆடி நோம்பிக்குப் போனவன் பொரியும் பேரீச்சம்பழமும் வாங்கிட்டு வருவேன்னு பார்த்தா, குதிரையோட வந்து நிக்கறே. பனியன் கம்பெனிச் சம்பளம் நாலு மாசம் சேர்ந்தா மனுசனுக்கு என்னவெல்லாம் தோணுது! நோம்பியில கூடற அந்தக் குதிரைச் சந்தைக்குத் திப்பு சுல்தானே வந்து குதிரை புடிச்சதாப் பெரியவங்க சொல்லுவாங்க. அவருக்கு அடுத்து நீதான்.

வெள்ளைக் குதிரை, வளைஞ்ச காது, காத்தியவார் சாதி. எல்லாம் சரி. நெத்திச் சுழி இப்படி, கழுத்துச் சுழி அப்படின்னு வியாபாரி ஒவ்வொண்ணாக் காட்டினாராமே? நானும் இட்டேரியில நின்னு பார்த்தேன். சுழியெல்லாம் சுத்தம். ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தச் சுழிக்குக் கீழே சதை இல்லைங்கறது மட்டுந்தான் சின்னக் குறை. விலாவை எண்ணலாம், முதுகுத் தண்டை எண்ணலாம், வால் முளைக்கற எடத்துல எலும்பு முட்டிக்கிட்டு நிக்குது. 1983ல அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் ஹென்னகேன்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளிகளும் குதிரை உடம்புக்கு 1ல இருந்து 9 வரைக்கும் மார்க்குப் போடற முறையைக் கொண்டாந்தாங்க. 1ன்னா எலும்புக்கூடு, 9ன்னா நடக்க முடியாத கொழுப்பு, 5 நல்ல உடம்பு. உன்ற குதிரைக்கு நான் தாராளமா 2 மார்க்குப் போடறேன். நீ பத்தாவதுல கணக்குல வாங்கினதை விடக் கொஞ்சந்தான் கம்மி, வெசனப்படாதே.

அதை விடு. உன் ஊட்டுல நேத்திருந்து நடக்கற உபசாரத்தைக் கேட்டுத்தான் எனக்கு மெய்சிலிர்க்குது. உங்கம்மா, என்ற தங்கச்சி, வாயில்லாச் சீவன் வாடி வந்திருக்குதேன்னு ஒரு அண்டா கொள்ளு வேகவெச்சிருக்காளாம். பால் ஊத்தறவர் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போடச் சொன்னாராம். கோழிப்பண்ணை வெச்சிருக்கற உன்ற மச்சான் ஒரு மூட்டைத் தீவனத்தையே எறக்கிட்டானாம். நீ செல்போனைப் பார்த்து முட்டையும் வெல்லமும் ரெடி பண்ணி வெச்சிருக்கே. அருமை! எல்லாத்தையும் ஒட்டுக்காப் போடு. நாலாம் நாள் பொக்லைன் வண்டிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வெச்சுக்க. குதிரைக்குக் குழி பெருசா வேணும், மம்பட்டியில ஆகாது.

மூஞ்சி ஏன் சுருங்குது? பட்டினி கிடந்த குதிரை பட்டினியாலதான் சாகும்னு நெனைக்கறே. பாதிக்குப் பாதி சாகறது அதுக்கப்பறம் வர்ற விருந்தாலதான்னு தோணுது எனக்கு. தீனி இல்லாத காலத்துல உடம்பு தன்னோட கொழுப்பைத் தின்னும். அது தீர்ந்தா தசையைத் தின்னும். அப்படியே எல்லாத்தையும் மெதுவாக்கிட்டு உசுரைப் புடிச்சு வெச்சிருக்கும். அந்த நேரத்துல நீ தவலை நெறையத் தானியத்தைக் கொட்டினா, மாவுச்சத்து ரத்தத்துல சர்க்கரையா ஏறும், இன்சுலின் பொங்கும். ரத்தத்துல கொஞ்சநஞ்சம் மிச்சமிருக்கற பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள்ள ஓடிப் போயிடும். ரத்தத்துல அதுக வத்தினா இதயம் தடுமாறும், மூச்சு முட்டும். மொத நாள் குதிரை ஆசையாத் தின்னும், நீ போட்டோ எடுப்பே. மூணாம் நாள்ல இருந்து அஞ்சாம் நாளைக்குள்ள படுக்கும். "நல்லாத்தானே தின்னுச்சு!"ன்னு உங்கம்மா அழுவா.

இது புதுசு ஒண்ணுமில்லை மாப்ளே. நம்ம நாட்டுல குதிரையை உபசாரம் பண்ணியே அனுப்பி வெச்சதுக்கு எழுநூறு வருசத்துச் சாட்சி இருக்குது. காலேஜ்ல சரித்திரம் படிக்கற என்ற பேத்தி படிச்சுக் காட்டினா. வெனிஸ்காரர் மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டைப் பார்த்துட்டு எழுதறார்: ஹோர்முஸ், ஏடன்னு கடல் தாண்டிக் குதிரை வருது, ராசா பொன்னைக் கொட்டி வாங்கறார், அதுகளுக்குக் கறியோட வேகவெச்ச சோத்தைப் போடறாங்க, பக்குவமாப் பார்க்க ஆளில்லாம பெரும்பாலும் செத்துப் போகுது, மறு வருசம் மறுபடி வாங்கறாங்க. வஸ்ஸாஃப்னு ஒரு பாரசீகத்துக்காரர் அவர் பங்குக்கு, தானியத்தை வெண்ணெய் போட்டுக் குடுக்கறாங்க, காய்ச்சின பசும்பாலைக் குடிக்க வெக்கறாங்கன்னு எழுதி வெச்சிருக்கார். பாண்டியருக்கு முத்துல வந்த காசு இருந்துது, வாங்கிட்டே இருந்தார். உனக்கு எத்தனை குதிரைக்குச் சம்பளம் வருது?

பருத்திக்கொட்டை சொன்ன பால்காரர் நல்ல மனுசன்தான், மாட்டுக்கு. மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் 8ல இருந்து 15 லிட்டர் புடிக்கற சின்ன வயிறு. வாந்தி எடுக்கக்கூட அதால முடியாது. புல்லைச் செரிக்கற வேலையெல்லாம் பின்னால பெருங்குடல்ல நுண்ணுயிருங்க பார்க்குது. ஒரே வேளையில தானியம் அதிகமாப் போனா செரிக்காத மாவு அங்கே போய்ப் புளிக்கும். அப்பறம் வயித்துவலியில உருளும். இல்லைன்னா குளம்புக்குள்ள வீங்கிக் கால் ஊன முடியாம நிக்கும்.

கோழித் தீவன மூட்டையை இன்னிக்கே திருப்பி அனுப்பு. இதுல மட்டும் நான் வெளையாடலை. ரத்தக்கழிச்சல் வராம இருக்க மோனென்சின், சலினோமைசின்னு மருந்து அதுல கலந்திருக்கும். கோழிக்கு அது மருந்து. குதிரைக்கு இதயத் தசையைக் கெடுக்கற விஷம். கொஞ்சம் போனாலும் போச்சு. மச்சான் மனசு நோகுமேன்னு பார்க்காதே. அவன் மனசுக்கு வேற மருந்து இருக்குது.

பின்னே என்னதான் போடறதுன்னு கேக்கறியா? நம்ம வாய்க்கா மேட்டுல வெளையற குதிரைமசால்தான். அறுத்து நல்லாக் காய வெச்சுப் போடு, பச்சையா ஈரத்தோட கட்டுக் கட்டா அள்ளிப் போடாதே. கலிபோர்னியா பல்கலைக்கழகம் டேவிஸ்ல, பட்டினியில மீட்ட குதிரைகளை வெச்சே மூணு விதத் தீனி போட்டுப் பார்த்தாங்க: காய்ஞ்ச குதிரைமசால், ஓட்ஸ் தட்டு, ஓட்ஸ் தட்டோட மக்காச்சோள எண்ணெய். 1998ல முடிவைச் சொன்னாங்க. ஜெயிச்சது குதிரைமசால். மாவுச்சத்து கம்மி, புரதம் நெறைய, ரத்தத்துல வத்திப்போற பாஸ்பரசும் மெக்னீசியமும் அதுலயே இருக்குது.

அளவுலதான் உன்ற பொறுமை தெரியும். 450 கிலோ குதிரைக்கு மொத மூணு நாள், 4 மணி நேரத்துக்கு ஒருக்கா அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைய. உன்றது என்ன எடை? தையக்காரர்கிட்ட டேப்பு வாங்கி, முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி அள. நேத்து நானே அளந்தேன், 150 சென்டிமீட்டர். தோள் முனையில இருந்து பிட்டத்து எலும்பு வரைக்கும் நீளம் 140. நெஞ்சளவை அதே நெஞ்சளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11,877ஆல வகுத்தா கிலோக் கணக்கு வரும். 265 கிலோ. அப்ப உனக்கு ஒரு வேளைக்கு 270 கிராம் போதும். ராத்திரி உட்பட ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஆமா, ராத்திரி 2 மணிக்கும்தான். செல்போன் பார்த்துக்கிட்டு முழிச்சுத்தானே கிடக்கறே?

நாலாம் நாள்ல இருந்து அளவைக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்து, வேளையைக் குறை. பத்தாம் நாள் வாக்குல மூணு வேளை, வேளைக்கு ஒரு கிலோ. அதையும் தாங்கிக்கிச்சுன்னா அப்பறம் தின்ன மட்டும் தின்னட்டும். அருகம்புல், காய்ஞ்ச சோளத்தட்டுன்னு கலந்துக்கலாம். இளஞ்சோளப் பயிர் பக்கம் மட்டும் விட்டுப்புடாதே. தண்ணி எந்நேரமும் முன்னால இருக்கணும், தொட்டியைத் தெனமும் கழுவு. பக்கத்துல ஒரு உப்புக்கல்லைக் கட்டி விடு. தவிட்டை நம்பி ஓட்டாதே, அதுல பாஸ்பரஸ் மிஞ்சிச் சுண்ணாம்பு குறையும். நாளாக நாளாக எலும்பு கெட்டு மூஞ்சியே வீங்கிப் போகும்.

அந்த ஒரு அண்டா கொள்ளு? நீயும் உங்கம்மாவும் ரசம் வெச்சுக் குடிங்க. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு நம்ம பாட்டிமார் சும்மாவா சொன்னாங்க? ஒரு மாசம் போகட்டும். சாணியெல்லாம் உருண்டையாப் போட்டு, கண்ணுல களை வந்தப்பறம், வேகவெச்ச கொள்ளு ரெண்டு கைப்பிடியில ஆரம்பி. வாரா வாரம் கொஞ்சம் கூட்டு. ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்டாதே, பச்சையாப் போடாதே. சதை ஏத்தணும்னு ஆசையிருந்தா கடலை எண்ணெய் 50 மில்லி தீனியில பெசறி விடு, மெதுவாக் கூட்டு. எண்ணெயில மாவுச்சத்து கிடையாது, பலம் உண்டு. அதுக்கும் அவசரப்பட்டா பேதிதான், கட்டுத்தரையை நீதான் கூட்டுவே.

இத்தனையும் பண்ணியும் குதிரை தேறலைன்னா தீனியைக் குத்தம் சொல்லாதே. நேத்து நீ டீக்குடிக்கப் போனப்ப நான் ஒரு வேலை பார்த்தேன். ஒரு குச்சியை எடுத்து அது போட்ட சாணியை ஒடைச்சுப் பார்த்தேன். வியாபாரி போட்ட தானியம், போட்டது போட்டபடி முழுசா உள்ளே இருக்குது. தொட்டிக்குக் கீழே பாதி மென்ன புல்லு உருண்டை உருண்டையாத் துப்பிக் கிடக்குது. அது பல்லுக் கோளாறு மாப்ளே. குதிரைப் பல்லு தேயத் தேய வெளியே வந்துக்கிட்டே இருக்கும், கடவாய்ப் பல்லு ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வருசத்துக்கு ஒருக்கா அரம் போட்டு ராவி விடணும். வியாபாரி உன்னைச் சுழி பார்க்க வெச்சார். வாயைத் தெறக்கச் சொன்னாரா? நீயும் கேக்கலை. நல்ல மரியாதை.

வயித்துல புழு இருக்கும், அதுவும் நிச்சயம். அதுக்காகக் கடையில பேஸ்ட்டு வாங்கி இன்னிக்கே வாயில பீச்சிப்புடாதே. எலும்பும் தோலுமா இருக்கறப்ப எப்ப, எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். கடிக்கற ஈயால பரவற சர்ரான்னு ஒரு சீக்கு உண்டு. விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், காலும் அடிவயிறும் வீங்கும், தின்னத் தின்ன எளைக்கும். ரத்தத்தைச் சோதிச்சாத்தான் தெரியும். ரணஜன்னி ஊசியும் போட்டுடணும், ஆணி குத்தினா குதிரை தாங்காது.

ஏறி ஓட்டறதெல்லாம் இப்ப நெனைக்காதே. உன் எடை 80 கிலோ, அது எடை 265. யார் யாரைத் தூக்கறதுன்னு நாயம் பேசுவோம் வா. ஒரு மாசம் கழிச்சுக் கயிறு புடிச்சு நடத்து, கொஞ்சதூரம். உடம்பு பழைய மாதிரி வர மூணுல இருந்து அஞ்சு மாசம் ஆகும், மேலயும் ஆகலாம். வாராவாரம் டேப்பு புடிச்சு எழுதி வெச்சுக்க. வயிறு தொப்பையானா குதிரை தேறிருச்சுன்னு ஏமாறாதே, புழுவாலயும் வயிறு உப்பும். கழுத்தையும் முதுகையும் இடுப்பையும் பாரு. தைப்பொங்கலுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடறேன்னு யார்கிட்டயோ அட்வான்சு வாங்கிட்டியாமே? நாளைக்கே திருப்பிக் குடு.

நாளைக்கு வெள்ளெனக் கால்நடை ஆஸ்பத்திரி தெறந்ததும் டாக்டரைக் கூட்டியாந்து பல்லு, சாணி, ரத்தம் மூணையும் பார்த்துடு. கையில காசு இல்லைன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதே. வெண்கலச் சலங்கையும் சரிகைச் சேணமும் வாங்கின ரசீதை உன்ற சட்டைப்பையில பார்த்துட்டேன்.