கட்டிலுக்கடியில் ஒரு குடித்தனக்காரர்

பெறுநர்: உயர்திரு வடிவமைப்புத் துறைத் தலைவர் அவர்கள், மோட்டார்ஹோம் தொழிற்சாலை, எல்க்ஹார்ட், இண்டியானா.

பொருள்: கட்டிலுக்கடியில் குடியேறிய புரோப்பேன் ஃபர்னஸை அங்கிருந்து கிளப்புவது தொடர்பாக.

பார்வை: தங்கள் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வரும் "தகுதி பெற்ற பணியாளரை அணுகவும்" என்ற வரி.

ஐயா,

அணுகினோம். அவர் வந்தார், குனிந்தார், பெருமூச்சு விட்டார். "கட்டிலைக் கழற்றணும்" என்றார். கழற்றினால் அது வாசலுக்குள் நுழையவில்லை. கூரை போடுவதற்கு முன்பே இறக்கிவைத்த கட்டில் போலிருக்கிறது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முழு ஃபர்னஸை மெத்தையில் மறைத்தவர்கள் நீங்கள்தான்.

நானோ இந்த மோட்டார்ஹோமை மூன்றாம் கையாக வாங்கி மிச்சிகன் குளிரில் நிறுத்தியிருப்பவன். ஃபர்னஸ் வண்டியின் பின்கோடியில். தெர்மோஸ்டாட் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். முன்பக்கம் சூடேறும்வரை அது விடாது. ஆகவே கட்டிலைக் கழற்றும்வரை படுக்கையில் நாங்கள் அப்பளமாகப் பொரிந்தோம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோனது. புரோப்பேனைக் குறை சொல்ல மாட்டேன். மைனஸ் 42 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் ஆவியாக மறுக்கும் உத்தமமான வாயு அது.

விசிறியின் கதை வேறு. அதற்குச் சோறு போடுவது 12 வோல்ட் பேட்டரி. நள்ளிரவில் பேட்டரி தளர்ந்தால் விசிறி தளரும். காற்று போதாவிட்டால் உள்ளே இருக்கும் சின்னத் தகடு சாயாது. தகடு சாயாவிட்டால் தீ பற்றாது. தீ இல்லை என்று தெரியாத விசிறி மட்டும் மிச்சமிருக்கும் பேட்டரியையும் தின்றபடி சுற்றும். (என் பழைய அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்தார்.)

சரி, ஃபர்னஸைச் சமையலறை அலமாரிக்கு அடியில் மாற்றலாம் என்று பார்த்தோம். புகைக்குழாய் நேராக வெளிச்சுவரைத் துளைத்துப் போக வேண்டும். திறக்கிற ஜன்னலுக்கு அடியில் வரக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பிவிடும். சுற்றியுள்ள மரத்துக்கு இடைவெளி வேண்டும். அறைக் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பி வர வழி வேண்டும். கேஸ் குழாயை நீட்டி, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். கசிந்தால் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான இந்த வாயு தரையோடு தரையாகத் தவழும். எல்லாம் நியாயமான விதிகள்தாம். இத்தனைக்கும் இடம் ஒதுக்கத் தெரிந்த தங்களுக்கு, ஒரு ஸ்க்ரூடிரைவர் நுழைய இடம் விடத் தோன்றவில்லையே!

நஷ்டஈடு கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம். அந்தச் சமையலறைச் சுவருக்குள் சட்டங்கள் எங்கே நிற்கின்றன, மின்கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஒரே ஒரு வரைபடம் அனுப்புங்கள். முதல் பனி விழுவதற்குள் துளை போட்டாக வேண்டும். கட்டில் இன்னும் நடைபாதையில் நட்டுக்குத்தாக நிற்கிறது.

இப்படிக்கு,
சமையலறைத் தரையில் படுத்துறங்கும்
தங்கள் வாடிக்கையாளன்