விளையாட்டுச் சுட்டி: ஐந்து இயல்களில் ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

அக்காள் மகன் கல்லூரியில் சேர்ந்து எங்கள் வீட்டில் தங்க வந்த மூன்றாவது வாரம், ஓர் எலி வாங்க ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டான். எலிப்பொறியே இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஊரில் எலிக்கு இவ்வளவு ஏன் என்ற ஐயம் எழுந்தது. ஐயம் எழுந்தால் ஆய்வு தோன்றும் என்க.

இவ்வாய்வு ஐந்து இயல்களை உடையது. முதல் நான்கும் ஆராய்ச்சி. 'அதெல்லாம் கிடக்கட்டும், எதை வாங்குவது?' என்று பறப்பவர்கள் நேரே ஐந்தாம் இயலுக்குப் போகலாம். விடை அங்கே பெயரும் விலையுமாக இருக்கிறது.

1. பெயரியல்

தமிழில் இந்தக் கணினி எலியின் பெயர் சுட்டி. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று இலக்கணம் சொல்லும். திரைக்கு முன்னால் உட்கார்ந்து மருமகன் கூவும் 'அங்க ஒருத்தன்! இங்க ஒருத்தன்!' என்பவை முறையே சேய்மைச் சுட்டும் அண்மைச் சுட்டும் ஆகும். 'சுடு' என்னும் வினையிலிருந்தே சுட்டி பிறந்தது என்பாரும் உளர் (நான்தான்). பையன் நாள் முழுக்க அதைக்கொண்டு செய்வது சுடுதலே ஆகலின் அதுவும் பொருந்தும். ஆனால் சென்னை ரிச்சி தெருவில் போய் 'விளையாட்டுச் சுட்டி இருக்கிறதா?' என்று கேட்டபோது, கடைப்பையன் எனக்குப் பின்னால் ஏதாவது குழந்தை நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு, "கேமிங் மவுஸா சார்? ஒயர்டா, ஒயர்லெஸ்ஸா?" என்றான்.

ஒயர் என்றதும் வரலாறு குறுக்கிடுகிறது. 1964-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மனத்தில் இருந்ததை பில் இங்கிலிஷ் மரக்கட்டையில் செய்து கொடுத்தார். கட்டைக்கு அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், வால்போல ஓர் ஒயர். வாலைப் பார்த்து யாரோ எலி என்றார்கள். யார் என்பது எங்கெல்பார்ட்டுக்கே நினைவில்லை. 1970-ல் கிடைத்த காப்புரிமையில் அதன் பெயர் 'காட்சி அமைப்புக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி'. (என் நடை கடினம் என்பவர்கள் காப்புரிமைப் பத்திரம் ஒன்றை வாசித்துவிட்டு வரவும்.) மனித அறிவின் ஆற்றலைப் பெருக்கி, உலகத்தின் சிக்கல்களைக் கூடி அவிழ்க்க வேண்டும் என்பது எங்கெல்பார்ட்டின் கனவு. அந்தக் கட்டையால் அவருக்கு உரிமத் தொகை என்று ஒரு காசும் வரவில்லை. இன்று எங்கள் கூடத்தில் அது எவனோ ஒருவனின் நெற்றிப்பொட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. வாலால் பேர் வாங்கிய பிராணிக்கு இன்று வால் இல்லாவிட்டால்தான் விலை அதிகம் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

எலிக்குப் பாம்பின் பெயர் வைக்கும் மரபு வேறு இருக்கிறது. ரேசர் நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த விளையாட்டு எலியின் பெயர் பூம்ஸ்லாங், அதாவது ஆப்பிரிக்க மரப்பாம்பு. பிற்பாடு டெத்ஆடர், மாம்பா, வைப்பர் என்று படமெடுத்தன. எலியைத் தின்பது பாம்பு, ஆகவே மற்ற எலிகளை எல்லாம் இது தின்றுவிடும் என்பது கருத்து. 2009-ல் வந்ததன் பெயர் 'நாகா'. கட்டைவிரல் படும் பக்கத்தில் மட்டும் பன்னிரண்டு பொத்தான். புற்றுக்குப் பால் வார்க்கும் ஊரிலிருந்து பெயரை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

2. அளவையியல்

பழைய எலிக்கு வயிற்றில் உருண்டை இருந்தது. பிரௌசிங் சென்டர் காலத்தவர் அறிவர். அம்பு இடப்பக்கம் போக மறுத்தால் எலியைக் கவிழ்த்து, வளையத்தைத் திருகி, உருண்டையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் குட்டி உருளைகளில் வளையம் வளையமாகப் படிந்த அழுக்கைச் சேஃப்டி பின்னால் சுரண்ட வேண்டும். முன்பின் தெரியாத நூறு பேரின் அழுக்கை அவ்வளவு நெருங்கிப் பரிசீலித்த தலைமுறை வேறில்லை. மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், சுரண்டிய நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

இன்றைய எலிக்கு வயிற்றில் கண். ஒரு சிறு விளக்கு மேசைக்கு வெளிச்சம் காட்ட, ஒரு பொடிக் கேமரா நொடிக்குப் பல ஆயிரம் படம் எடுக்கிறது. முந்தைய படத்தில் இருந்த சொரசொரப்பு இந்தப் படத்தில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒப்பிட்டே, கை எந்தப் பக்கம் போனது என்று கண்டுகொள்கிறது. சுத்தமான கண்ணாடி மேசையில் பெரும்பாலான எலிகள் திண்டாடுவது இதனால்தான். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் எதை எதோடு ஒப்பிடும்? என் கல்யாண ஆல்பத்தில் நூற்றிருபது படங்கள். எங்கள் மேசைவிரிப்புக்கு, மருமகன் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அதைப்போல் பல மடங்கு எடுத்தாகிவிடுகிறது.

இனி டிபிஐ. கை ஓர் அங்குலம் நகர்ந்தால் எலி எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பதே அது. நாங்கள் வாங்கிய பெட்டியின் மேல் 25,600 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வழக்கமான முழு எச்டி திரையின் அகலம் 1,920 புள்ளிகள். வகுத்துப் பார்த்தேன். கையை இரண்டு மில்லிமீட்டர்கூட அசைக்க வேண்டாம், அம்பு இக்கரையிலிருந்து அக்கரை சேர்ந்துவிடும். ஓர் எள்ளின் நீளம்கூட இல்லை. விக்கல் வந்தால் ஆட்டம் முடிந்தது.

"நீ எவ்வளவு வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"எண்ணூறு மாமா. ப்ரோ பிளேயர்ஸே நானூறு, எண்ணூறுதான் வெப்பாங்க."

"அப்ப மீதி இருபத்து நாலாயிரத்து எண்ணூறு?"

"அது இருக்கும்."

இவ்வாய்வின் மையக் கருத்தை அவன் இரண்டே சொல்லில் முடித்துவிட்டான். நான் அதற்குப் பரண் கோட்பாடு என்று பெயரிட்டிருக்கிறேன். எங்கள் பரணில் மாமியார் வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் அண்டா இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் அதில் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்ததில்லை. ஆனால் அது இல்லாத வீட்டை என் மனைவியால் நினைத்துப் பார்க்க முடியாது. விளையாட்டு எலியின் விலையில் பெரும்பகுதி அந்த அண்டாவுக்கானது. ஏழு வண்ணத்தில் மின்னும் விளக்கு இருக்கிறது. ஆடும் நேரம் முழுக்க உள்ளங்கை அதை மூடியிருக்கிறது. விண்டோஸில் அம்பின் துல்லியத்தை மேம்படுத்துவதாகச் சொல்லும் ஓர் அமைப்பு இருக்கிறது. துல்லியம் வேண்டுபவர்கள் முதல் வேலையாக அணைப்பது அதைத்தான். கை போன தூரத்தோடு வேகத்தையும் சேர்த்துக்கொண்டு அது அம்பைத் தள்ளுவதால், ஒரே அளவு கையசைத்தாலும் அம்பு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் நிற்கும்.

எண்ணூறில் வைத்தால் அதே திரையைக் கடக்க 2.4 அங்குலம் வேண்டும். முழங்கை முழுதும் வேலை செய்ய இடம் வேண்டும் என்று தலைவாழை இலை அகலத்துக்கு ஒரு விரிப்பும் வாங்கினோம். அது தனிக் கணக்கு.

இன்னோர் அளவை, எலி தன் இருப்பைக் கணினிக்கு நொடிக்கு எத்தனை தடவை சொல்கிறது என்பது. சாதாரண எலி 125 தடவை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு தடவை. விளையாட்டு எலி 1,000 தடவை. இப்போது 8,000 வரைக்கும் வந்தாயிற்று. கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதனுக்குச் சுமார் 200 மில்லிநொடி ஆகும். 'தோசை ஆறுது' என்று என் மனைவி கூப்பிட்டதற்கு மருமகன் பதில் சொல்ல ஆவது நாற்பது நிமிடம். ஆயிரமே ஏராளம் என்பது என் துணிபு.

3. பிடியியல்

பிடி மூவகைப்படும். உள்ளங்கை முழுதும் எலியின் முதுகில் படுத்துக்கொள்வது ஒன்று. விரல்களை நண்டுபோல் மடக்கிக் கவ்வுவது ஒன்று. விரல்நுனி மட்டும் தொட்டும் தொடாமலும் இருப்பது ஒன்று. இது சோறு பிசையும் முறையோடு அப்படியே ஒத்துப்போவதை முதலில் கண்டவன் யான். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, எங்கள் வீட்டில் உள்ள மூவர். சாம்பார் சோற்றில் மணிக்கட்டுவரை இறங்கும் நான் உள்ளங்கைப் பிடி. இரண்டாம் கணுவைத் தாண்டிப் பருக்கை ஏறவிடாத என் மனைவி விரல்நுனிப் பிடி. பிரியாணியில் எலும்பைத் தோண்டும் மருமகன் நண்டுப் பிடி. ஸ்பூனால் சாப்பிடும் எதிர்வீட்டுக்காரரை ஆய்வில் சேர்க்கவில்லை. அவர் டச்பேடு ஆசாமி.

கடைக்குப் போகிறவர் எண்களை எல்லாம் மறந்துவிட்டு எலியின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். முதுகு உயர்ந்த பெரிய எலி என் போன்றவர்களுக்கு. தட்டையான சின்ன எலி விரல்நுனிக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்களுக்கு இந்த உலகம் கத்தரிக்கோலில் செய்த அநியாயத்தையே எலியிலும் செய்திருக்கிறது.

4. நோயியல்

லாஜிடெக் 2014-ல் வெளியிட்ட ஜி502 என்னும் எலி 121 கிராம். அது போதாதென்று, உள்ளே செருகிக்கொள்ளத் தலா 3.6 கிராமில் ஐந்து எடைக்கற்களும் பெட்டியிலேயே தந்தார்கள். கனமே கம்பீரம் என்று இருந்த காலம். 2020-ல் அதே நிறுவனம் 63 கிராமுக்கும் குறைந்த எலி ஒன்றைச் 'சூப்பர்லைட்' என்ற பெயரில் விற்றது. அந்த ஐந்து கற்களும் இப்போது எந்தெந்தப் பரணில் இருக்கின்றனவோ. பிள்ளையாரையே சுமந்த பிராணியின் பரம்பரை, தன் உடம்பே தனக்குப் பாரம் என்று இளைத்துக்கொண்டிருக்கிறது.

இடையில் மேலோட்டில் ஓட்டை போட்டு எடை குறைக்கும் மோகம் வந்தது. இடியாப்பத் தட்டைக் கவிழ்த்ததுபோல் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்த வகைதான். அதை வடிவமைத்தவர்கள் முறுக்குத் தின்றுகொண்டே ஆடும் ஒரு தேசத்தை நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டாம் மாதம் எறும்பு குடியேறியது. எலிக்குள் எறும்பு புகுந்த கதையைப் பஞ்சதந்திரக்காரர்கூட எழுதவில்லை. பக்கவாட்டு ரப்பர், சென்னைப் புழுக்கத்தில் வெல்லப்பாகு பதத்துக்கு வந்தது தனி.

எல்லாவற்றிலும் கொடிய நோய், ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாகப் பதிவது. பொத்தானுக்கு அடியில் உள்ள மெல்லிய உலோகத் தகடு தேய்ந்து துள்ளுவதால் வருவது. இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. நாமாக இரட்டைச் சொடுக்குச் செய்து கோப்பைத் திறப்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் அந்தப் பொருள் தராது. எலி தானாக இரண்டு தடவை சொடுக்குவது அடுக்குத்தொடர். விரைவு, வெகுளி, அச்சம் ஆகியவற்றில் வரும். மருமகன் தோற்ற அன்று மூன்றும் வந்தன. "மவுஸ்தான் மாமா, டபுள் கிளிக் ஆகுது" என்றான். நான் சிரித்துவிட்டேன். பிறகு வாங்கிப் பார்த்தால் உண்மையிலேயே ஆகிறது. கூடம் கோணல் என்று சொன்னவளை இத்தனை காலமாக யாரும் நூல் பிடித்துப் பார்க்காமலே தண்டித்துவிட்டோமோ என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

5. தேர்வியல்

மருமகன் இன்னும் லேசான எலி ஒன்று வாங்கிக்கொண்டான். எறும்பு நீக்கி, தகடு மாற்றி, பரணுக்குப் போக வேண்டிய பழையது எனக்கு வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கித் தரும் இணையப் பக்கம் ஒன்றில்தான் நான் தட்டச்சு செய்வது வழக்கம். முதல் நான்கு இயல்களையும் நேற்றே நகலெடுத்துக் கோப்பில் வைத்துவிட்டேன். ஐந்தாம் இயலை இன்று காலை எழுதி முடித்தேன். எந்தக் கைக்கு எது, என்ன விலை, எதற்குப் பணம் கொடுக்கவே கூடாது என்று வரிசையாக வந்திருந்தது. கடைசி முற்றுப்புள்ளியை வைத்துவிட்டு எலியை முழு உள்ளங்கையால் பற்றினேன். கட்டைவிரல் பக்கவாட்டுப் பொத்தான் ஒன்றின் மேல் விழுந்தது. 'முந்தைய பக்கம்' என்று அதற்குப் பொருளாம். பக்கம் போனது. திரும்பி வந்தபோது பெட்டி வெறுமையாக இருந்தது.

மருமகனைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தான்.

"அந்தப் பட்டனை ஆஃப் பண்ணி வெச்சுக்கணும் மாமா."

"சரிடா, நான் எழுதினது?"

"அது இருக்காது."